கிருஷ்ணசாமி இறைக்கும் தண்ணீர்

அந்த அலுவலகத்துக்குள் அஞ்சலாட்சி முதல் தடவை நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இறந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்து அவளும் கதவோரமாக நின்று தலையைக் குனிந்துகொண்டாள். சேலைத் தலைப்பு தானாகவே தோளைச் சுற்றி வந்தது. கணவன் போய் இரண்டு வருடமாகியும் இந்தப் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

மணி ஒலித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று வாசலையொட்டி உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். மேசைமேல் பூர்ணிமா என்று பெயர்ப்பலகை இருந்தது.

"யாரும் தவறலம்மா. நிலத்தடி நீருக்கு மரியாதை. தெனம் காலைல ஒரு நிமிஷம் கீழ பாத்து நிக்கணும். டைரக்டர் ஆர்டர்."

"கீழ பாத்தா தண்ணி தெரியுமா?"

"தெரியாதும்மா. அதனாலதான் கணிக்கறோம்."

அது கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டிடம். கூரை அவ்வளவு உயரம். உள்ளே பேசினால் குரல் மேலே போய்ச் சற்று நேரம் தங்கி, வேறு யாருடைய குரலோபோலத் திரும்பி வந்தது. சுற்று வட்டாரத்து வயல்களும் மீன் குட்டைகளும் பூமிக்கு அடியிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று சொல்வது அந்தக் கணிப்பகத்தின் வேலை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே சொல்லிவிடுவது அதன் பெருமை.

அஞ்சலாட்சி வந்தது சின்ன விஷயத்துக்கு. பாகூர் பக்கம் அவள் கணவனுக்கு முக்கால் காணி நிலம். சாகிறதற்கு முந்தின மழைக்காலத்தில் அவன் அதில் எலுமிச்சைக் கன்றுகள் வைத்தான். இப்போது போர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. வாயில் வைத்தால் கடல். கன்றுகளின் இலையோரம் கருகிக்கொண்டு வந்தது. தள்ளி, ஆழமாக இன்னொரு போர் போட அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கோடையைக் கன்றுகள் தாண்டாது. முதலியார்பேட்டை வீட்டில் அவனுடைய சட்டைகளைக்கூடக் கொழுந்தனுக்குக் கொடுத்தாகிவிட்டது. அவன் கைபட்டு இன்னும் உயிரோடு இருப்பவை அந்தக் கன்றுகள் மட்டும்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும், அழுதால் காரியம் கெட்டுவிடும்.

கணிப்பு அதிகாரி செல்வகுமார் கணினித் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"புது போர் தர முடியாதும்மா. உங்க ஊர்ல அளவுக்கு மேல எடுக்கறீங்க. அதுலயும் உங்க நெலம் ரொம்ப மோசம்."

"நாங்க எடுக்கறதே இல்லீங்க சார். தண்ணி உப்பு."

"உப்புத் தண்ணிய வச்சி யாராவது மூணு போகம் நெல்லு போடுவாங்களா?"

"யாரு சார் நெல்லு போட்டா?"

"கிருஷ்ணசாமி. சொர்ணவாரி, சம்பா, நவரை. மூணும் வுடாம போடறாரு." திரையை அவள் பக்கம் திருப்பினார். "மீன் குட்டை வேற வச்சிருக்காரு. பழைய தண்ணிய மாத்தறாரு, வெயில்ல காயற தண்ணிய நிரப்பறாரு. காலைல போட்ட மோட்டார் பொழுது சாயற வரைக்கும் ஓடுது. ஒரே ஆளு எவ்ளோம்மா எறைப்பாரு?"

அஞ்சலாட்சி திரையில் கணவன் பெயரைத் தேடிப் படித்தாள்.

"சார், அவரு எறந்துட்டாரு."

"எப்போ?"

"ரெண்டு வருசமாவுது."

செல்வகுமார் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டில் எது பொய் சொல்லக்கூடியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"போன மாசம்கூட எறைச்சிருக்காரேம்மா" என்றார்.

அடுத்த வாரம் மேரியில் வாங்கிய இறப்புச் சான்றிதழோடு வந்தாள். நகராட்சியை அவர்கள் வீட்டில் இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள். செல்வகுமார் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டு, அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா இது ஆளோட சாவு. நாங்க ஆளக் கணிக்கறதில்ல. நெலம், போரு, மோட்டாரு, பயிரு, மீனு. இதுல எது செத்துதுன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

"அவரு இல்லாம மோட்டார் எப்படி சார் ஓடும்?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். மோட்டார் ஓடுது. அப்போ அவரு இருக்காருன்னுதானே எடுத்துக்கணும்?"

எடுத்துக்கொள்வது என்பதுதான் கணிப்பகத்தின் உயிர்மூச்சு. தெரியாத இடம் வந்தால் அவர்கள் நிற்பதில்லை; தெரிந்ததாக எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். கிருஷ்ணசாமி ஒரு சமயம் வீட்டுமனை நிரப்புகிற ஒருவருக்கு வயல் மூலையில் மண் வெட்டிக் கொடுத்தான். பள்ளம் விழுந்தது. ஐப்பசி மழையில் பள்ளம் நிறைந்தது. அந்த மாதம் பார்த்து செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படம் ஒன்று கணிப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் தெரிகிறது, ஆகவே குட்டை என்று எடுத்துக்கொண்டார்கள். குட்டை என்றால் மீன். மீன் என்றால் வருடம் முழுக்கத் தண்ணீர். வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்கிற நிலத்தில் எவனாவது ஒரு போகத்தோடு நிறுத்துவானா? அப்படித்தான் மூன்று போகமும் வந்தன. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் எந்தப் படியைப் பிடித்து மறுப்பது என்று அஞ்சலாட்சிக்குத் தெரியவில்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பது அவள் வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உதறும்போது அந்த வெள்ளைக்குள் நெல்வயல் ஒன்று தெரிந்து மறைய ஆரம்பித்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறான். குட்டைப் பக்கம் போய்த் தவிட்டை அள்ளி வீசுகிறான். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகின்றன.

அவளோடு வாழ்ந்த காலத்தில் கிருஷ்ணசாமி மதியத்துக்கு மேல் வயலில் நின்றவன் இல்லை. டீக்கடை பெஞ்சில் மாலை வரை பேச்சு. ஒரு போகத்தை ஒழுங்காக வீடு கொண்டுவந்து சேர்த்ததில்லை. அவள் திட்டினால், "அடுத்த வருசம் பாரு" என்பான். அந்த அடுத்த வருடம் கணிப்பகத்தில் வந்துவிட்டிருந்தது. அங்கே அவன் பொழுது சாயும்வரை உழைத்தான். யாருக்காக இப்படி உழைக்கிறான் என்று ஒரு தலையணை உறையை மடிக்கும்போது யோசித்தவளுக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டில் சோறு பொங்குகிறவள் யார்? அவள் திட்டமாட்டாள் போலிருக்கிறது. அதனால்தான் வேலை நடக்கிறது.

பிறகு தன்னையே நினைத்துப் பயந்து, உறையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஒரு நாள் எந்த வேலையும் இல்லாமலேயே கணிப்பகத்துக்குப் போய் பூர்ணிமாவின் மேசை முன்னால் நின்றாள். கேட்கக் கூச்சமாக இருந்தது.

"இப்போ இன்னா செய்றாரும்மா?"

பூர்ணிமா யார் என்று கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரையில் தேடினாள். "நவரை கதிர் புடிச்சிருக்கும்மா. இனிமே தண்ணி கொஞ்சம் கொறைப்பாரு. மீனு உள்ளங்கை அளவு வந்திருக்கும். நல்லா பண்றாரு."

சாப்பிட்டாரா என்று கேட்க அஞ்சலாட்சிக்கு வாய்வரை வந்துவிட்டது. தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய் உலையில் அரிசி போடும்போதுதான் இரண்டு பேருக்குப் போட்டிருப்பதைக் கவனித்தாள்.

கன்றுகள் ஞாபகத்துக்கு வந்தன. இப்படியே போனால் இரண்டு கிருஷ்ணசாமியில் எவன் வைத்ததும் மிஞ்சாது. மறுநாள் போய் செல்வகுமாரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஒரு தடவ வந்து பாத்துட்டு முடியாதுன்னு சொல்லுங்க சார். அதுவரைக்கும் நான் போவமாட்டேன்."

மேசையை அலுவலகத்தாரும் உபயோகிக்க வேண்டியிருந்ததால், ஒரு காலையில் செல்வகுமார் வயலுக்கு வந்தார். கூடவே மீன் பிரிவு நிபுணர் கோபிநாத். வயலில் கொழுந்தன் ராஜாங்கம் காத்திருந்தான். கிருஷ்ணசாமியின் கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தான்.

"வாங்க சார், மீனு பாக்கவா வந்தீங்க? எறங்குங்க. வெள்ளாடு மேயுது, ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கும்."

பள்ளம் வெடித்துக் கிடந்தது. நாலைந்து ஆடுகள் அடியில் நின்று காய்ந்த கோரையைக் கடித்துக்கொண்டிருந்தன. கோபிநாத் கரையில் நின்று செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். பிறகு ஒரு கையை ராஜாங்கத்திடம் கொடுத்துவிட்டு, காலால் துழாவித் துழாவி மெதுவாக இறங்கினார். அவர் இறங்கிய இடத்தில் வட்ட வட்டமாக அலை கிளம்பியதை அஞ்சலாட்சி பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புழுதி.

"ஆழத்தப் பாத்தா கட்லா மேல, ரோகு நடுவுல, மிர்கால் அடியில" என்றார் கோபிநாத்.

"அடியில ஆடு நிக்குது சார்" என்றான் ராஜாங்கம்.

"அதனாலதான் மிர்கால் வளர்ச்சி கொறைவா இருக்கு."

"வேணும்னா தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போயி ரெண்டு கூடை கானாங்கெளுத்தி வாங்கியாந்து கொட்டிடட்டா சார்?"

"அப்படிப் பண்ணிடாதீங்க" என்று கோபிநாத் பதறினார். "அது கடல் மீனு. இந்தத் தண்ணியில செத்துப்போயிடும்."

அஞ்சலாட்சி பழைய போரிலிருந்து ஒரு சொம்பு பிடித்துவந்து செல்வகுமாரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். முகம் கோணியது. திரும்பி நின்று துப்பினார்.

"உப்பா இல்லையா சார்?"

"உப்புத்தாம்மா."

"அப்போ அத எழுதிக்குங்க."

"அது முடியாது. நாக்குல வச்சிச் சொல்றது, கண்ணால பாத்துச் சொல்றது எல்லாம் அளவீடு. அதுக்குன்னு தனிப் பிரிவு இருந்துது. மூடிட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல பசங்கதான். ஆனா ஒவ்வொரு கெணறாப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுவானுங்க, ஒண்ணுகூட எங்க கணக்கோட ஒத்துவராது. எத்தன வருசம்தான் பொறுத்துக்கறது?"

போகும்போது கோபிநாத் கரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு செருப்பைப் போட்டார்.

அந்த வருகையால் ஒரு மாற்றம் நடந்தது. மிர்கால் வளர்ச்சி குறைவு என்பதால் குட்டைக்குத் தேவையான தண்ணீர் குறைக்கப்பட்டது. குட்டை குறைந்ததால் கிருஷ்ணசாமி தண்ணீரை மிச்சம் பிடிக்கிறான் என்று ஆனது. அந்த வட்டாரத்தில் வேறு யாரும் எதையும் குறைத்திருக்கவில்லை. பூர்ணிமா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு விருது! தண்ணி சேமிச்ச விவசாயி. தண்ணீர் தினத்தன்னிக்கு விழா. விருது வாங்கறவங்களுக்குப் புது போர் அனுமதியும் மேடையிலயே தராங்க. யாரும் மறுக்க முடியாது."

"நான் வந்து வாங்கிக்கட்டா?"

"அவரு நேர்ல வரணும்மா. ரூல் அப்படி."

ராஜாங்கம் இதைக் கேட்டுவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தான். "அண்ணி, நானே ஏறிடறேன். சட்டை ஏற்கெனவே அண்ணன்துதான். இவனுங்க எதத்தான் உத்துப் பாக்கறானுங்க?"

"வேணாம்."

"கன்னு காயுது அண்ணி."

"அவர்னு சொல்லி இன்னொருத்தர் நிக்கறத என்னால பாக்க முடியாது ராஜா" என்றாள். அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஆனாலும் விழாவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று தெரியாமலேயே தலைக்குக் குளித்து, அவன் எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் அவளுக்கு இடம். பக்கத்து நாற்காலியில் கிருஷ்ணசாமி என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதன்மேல் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஏன்? பார்த்துவிட்டால் மனம் அந்த ஒரு கிணற்றின் பக்கம் சாய்ந்துவிடும். நான் எல்லாக் கிணறுகளுக்கும் பொதுவானவன்." கைதட்டல். "தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று மக்கள் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் தங்களிடம் இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். நாம் அவர்களிடம் இல்லாததையும் சேர்த்துப் பார்க்கிறோம். அதனால்தான் நம் கணக்கு அவர்களுடைய வாழ்க்கையைவிட முழுமையாக இருக்கிறது."

இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அஞ்சலாட்சியும் தட்டினாள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை என்று அவளுக்குத் தோன்றியது.

"தண்ணீர் சேமித்த விவசாயி, திரு. கிருஷ்ணசாமி அவர்கள்!"

ஒலிபெருக்கியில் அவன் பெயர் கூரைவரை போயிற்று. எல்லோரும் அவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலாட்சியும் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அவன் எங்கே போனாலும் தாமதமாக வருகிறவன்தான்.

இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மேடைப் படியிலிருந்து செல்வகுமார் ஓடிவந்து குனிந்தார். "வரலியாம்மா? வரலன்னா அனுமதி அடுத்த ஆளுக்குப் போயிடும். உங்க வயலுக்குப் பின்னால மீன் பண்ணை வச்சிருக்காரே, அவருக்குத்தான்."

அவள் எழுந்து நின்றாள். பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வந்திருக்காருங்க" என்றாள். "உடம்பு முடியல. படியேற முடியாது."

செல்வகுமார் நாற்காலியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். மேடையிலிருந்து இயக்குநரும் பார்த்தார்.

"செல்வகுமார், எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம் சார்."

இயக்குநர் இறங்கி வந்தார். பொன்னாடையை விரித்து நாற்காலியின் முதுகில் போர்த்தினார். அனுமதி ஆணையை இருக்கையில் வைத்து, அதன்மேல் இரு கையையும் ஒரு கணம் அழுத்தினார், கையைப் பிடித்துக் குலுக்குவதுபோல. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். புகைப்படக்காரர் குனிந்து, "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

பொன்னாடை ஒரு பக்கம் சரிந்தது. அஞ்சலாட்சி குனிந்து அதைத் தோளுக்கு இழுத்துவிட்டாள்.

போர் வண்டி சித்திரையில் வந்தது. பாறையும் சாம்பல் மண்ணும் கடந்து ஆழத்தில் ஊற்று கிடைத்தது. ராஜாங்கம் முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "அண்ணி, இனிக்குது!" என்று கத்தினான். கன்றுகளில் சில போயிருந்தன. மிச்சமிருந்தவற்றின் அடியில் தண்ணீர் கட்டியபோது மண் இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது.

முதல் நாள் கணிப்பகத்திலிருந்து ஒருவர் வந்து விவரம் கேட்டுப் போக வேண்டும் என்று விதி. பூர்ணிமா பஸ்ஸில் வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. உண்மையான தண்ணீர் குழாயிலிருந்து விழுவதை அவள் சற்று நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"மோட்டார் போடறது யாரும்மா?"

ராஜாங்கம் வாயைத் திறந்தான்.

"அவருதான்" என்றாள் அஞ்சலாட்சி.

பூர்ணிமா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "இப்போ எங்க?"

"குட்டைப் பக்கம் போனாரு. வந்துடுவாரு."

சொல்லி முடித்துவிட்டு, பொய் சொன்னதும் வருமே அந்த உறுத்தல், அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பூர்ணிமா கேட்பதற்கு இன்னும் ஏதோ இருந்ததுபோல நின்றாள். பிறகு, "உடம்ப பாத்துக்கங்கம்மா" என்று அவள் கையைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். ராஜாங்கம் அவளை ரோடுவரை விட்டுவரப் போனான்.

மோட்டார் கொட்டகை வாசலில், சுவிட்சுக்குக் கை எட்டும் தூரத்தில், அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். கன்றுகளின் பாத்திகள் நிறைந்தன. வரப்பு மீறி வழிந்தது. தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வண்டிப்பாதைக்கு வந்துவிட்டது. ரோட்டிலிருந்து ராஜாங்கம் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணி! போதும் அண்ணி! எவ்ளோ தண்ணி வீணாப் போவுது, மோட்டார நிறுத்து!"

அவள் அசையவில்லை. வயலின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு ராஜா" என்றாள். "அவரு வந்து நிறுத்துவாரு."